மீறலில் பிறந்த மரபு: ‘டாக்டர் ஹூ’ தொடரும் அதன் ரசிகர்களும்

பிபிசி நிறுவனம் 1963ஆம் ஆண்டு நவம்பர் 23, சனிக்கிழமை மாலை ஒளிபரப்பத் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’, இடையில் பல ஆண்டுகள் நின்றுபோயும் மீண்டெழுந்து அறுபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடராகும். வெளியிலிருந்து பார்த்தால் லண்டன் தெருவோரத்துக் காவல்துறைத் தொலைபேசிக் கூண்டாகவும் உள்ளே நுழைந்தால் பெரும் மாளிகையாகவும் விரிகின்ற ‘டார்டிஸ்’ என்ற கலத்தில் ஏறி, காலத்தையும் வெளியையும் கடந்து அலைகின்ற வேற்றுலகவாசி ஒருவரே அதன் தலைமைப் பாத்திரம். தம் பெயரை எவரிடமும் சொல்லாத அவரை எல்லோரும் ‘டாக்டர்’ என்றே அழைக்கின்றனர். இத்தனை நீண்ட ஆயுள் பெற்ற எந்தத் தொடருக்கும் தீராத ஒரு நெருக்கடி உண்டு. பழகிய ரசிகர் எதிர்பார்ப்பதையே கொடுத்துக்கொண்டிருந்தால் கதை வற்றிப்போகும். கொடுக்க மறுத்தால், அத்தொடரை நேசித்துக் காத்துவந்தவர்களே விலகிப்போவார்கள். இந்த நெருக்கடியை ஆராய்வதற்கு டாக்டர் ஹூவின் வரலாறு மிகப் பொருத்தமான களம். ஏனெனில் அதன் ரசிகர்கள் இன்று உயிரினும் மேலாகக் காக்க விரும்பும் வழக்கங்களில் பெரும்பாலானவை, யாரோ ஒருவர் முந்தைய விதியை மீறத் துணிந்ததால் உண்டானவை.

தொடரை வகுத்தவர்களில் முதன்மையானவர் கனடா நாட்டிலிருந்து வந்து பிபிசியின் நாடகப் பிரிவுக்குத் தலைமை ஏற்ற சிட்னி நியூமன். சனிக்கிழமைகளில் விளையாட்டு நிகழ்ச்சிக்கும் இளைஞர்களுக்கான இசை நிகழ்ச்சிக்கும் இடையே கிடந்த வெற்று நேரத்தை, குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து பார்க்கக்கூடிய ஒரு தொடரால் நிரப்புவதே அவர் நோக்கம். குழந்தைகளுக்குப் பாடம் புகட்டவும் வேண்டும் என்பதால் டாக்டருடன் பயணம் செய்வோராக ஒரு வரலாற்று ஆசிரியையும் ஓர் அறிவியல் ஆசிரியரும் படைக்கப்பட்டனர். பிதுங்கிய கண்களுடன் வரும் அசுர உருவங்கள் தம் தொடரில் கூடவே கூடாது என்பது நியூமன் விதித்த தடை. தயாரிப்பாளராக அவர் தேர்ந்தெடுத்த வெரிட்டி லாம்பர்ட் முப்பது வயதைக்கூட எட்டாத பெண்; முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன், லக்னோவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த இளைஞர். ஆண்களும் மூத்தவர்களும் நிறைந்திருந்த அந்நிறுவனத்தில் இவ்விருவரின் நியமனமே ஒரு துணிவு எனலாம்.

அந்த லாம்பர்ட்தான் நியூமனின் தடையை முதலில் மீறினார். டெர்ரி நேஷன் எழுதிய இரண்டாம் கதையில் ‘டாலெக்’ என்ற உயிரினங்கள் வருகின்றன. உலோகக் கூடுகளுக்குள் பதுங்கி, தம்மைப் போன்றிராத உயிர்கள் அனைத்தையும் அழிக்க முனைபவை அவை. தொடர் நாடகப் பிரிவின் தலைவராக இருந்த டொனால்ட் வில்சனுக்கு அந்தக் கதை பிடிக்கவேயில்லை, நியூமனும் சினந்தார். படமாக்குவதற்கு ஆயத்தமாக வேறு கதை கையில் இல்லாத நிலையில் லாம்பர்ட் தம் முடிவில் நின்றார். 1963 டிசம்பரில் தொடங்கி ஏழு வாரம் ஓடிய அந்தக் கதை, தொடரின் தலையெழுத்தையே மாற்றியது. பள்ளிக்கூடத் திடல்களில் சிறுவர்கள் கையை நீட்டியபடி டாலெக்குகளைப் போல் பேசித் திரிந்தார்கள். ரேமண்ட் கியூசிக் வடிவமைத்த அந்த உருவம் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கடைதோறும் பொம்மையாக விற்றது. டாலெக் இல்லாத டாக்டர் ஹூவை எந்த ரசிகராலும் இன்று எண்ணிப் பார்க்க இயலாது. ஆயினும் தொடரைத் தோற்றுவித்தவரின் எண்ணத்தை அப்படியே காப்பதுதான் விசுவாசம் என்று லாம்பர்ட் கருதியிருந்தால், அவை திரைக்கே வந்திருக்க மாட்டா.

இதைவிடப் பெரிய துணிவு 1966இல் நிகழ்ந்தது. முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலின் உடல்நலம் குன்றி, வசனங்களை நினைவில் நிறுத்துவதே அவருக்குக் கடினமாகிவிட்டிருந்தது. தலைமை நடிகர் போய்விட்டால் தொடரை முடித்துக்கொள்வதே அக்கால வழக்கம். அல்லது சாயலில் ஒத்த ஒருவரைக் கொண்டுவந்து ஒன்றும் நடவாததுபோல் தொடர்வார்கள். தயாரிப்பாளர் இன்னஸ் லாய்டும் கதைப் பொறுப்பாசிரியர் ஜெரி டேவிஸும் இவ்விரண்டையும் தவிர்த்து மூன்றாம் வழி ஒன்றைக் கண்டார்கள். டாக்டர் மனிதர் அல்லர் என்பதால், உடல் தளர்ந்து முடியும் வேளையில் அவர் முற்றிலும் வேறோர் உடலாகவும் வேறொரு மனப்பாங்காகவும் தம்மைப் புதுப்பித்துக்கொள்வார் என்று கதையிலேயே அமைத்துவிட்டனர். அக்டோபர் 29 அன்று ஒளிபரப்பான பகுதியின் இறுதியில் ஹார்ட்னெலின் முகம் வெள்ளொளியில் கரைந்து, அது அடங்கும்போது பாட்ரிக் டிரவுட்டனின் முகம் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்துத் தொடங்கிய ‘தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்’ என்ற அடுத்த கதையைக் கூர்ந்து நோக்கினால், துணிவையும் எதிர்பார்ப்பையும் ஒரே தராசில் நிறுத்தும் கலை எத்தகையது என்பது விளங்கும். முந்தைய டாக்டர் கண்டிப்பான முதியவர். புதியவரோ புல்லாங்குழல் போன்ற ரெகார்டரை ஊதிக்கொண்டு, கேட்ட கேள்விக்கு நேராக விடை சொல்லாமல் நழுவுகின்ற விசித்திரர். உடன் பயணிக்கும் பாலி இவர்தான் டாக்டர் என்று நம்ப முற்படுகிறாள். மாலுமியான பென் நம்ப மறுக்கிறான். வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளரின் ஐயத்தை எழுத்தாளர் மறைக்கவோ இகழவோ இல்லை. அதை அப்படியே பென்னின் வாயில் வைத்துவிட்டார். பிறகு, எல்லோருக்கும் பழக்கமான பகைவனான டாலெக் ஒன்று கதைக்குள் வந்து, புதிய முகத்துக்குப் பின்னிருக்கும் பழைய எதிரியை அடையாளம் கண்டுகொள்கிறது. நண்பன் ஐயுற்றபோது பகைவனே சாட்சி சொன்னான். வரலாற்றிலேயே பெரிய மாற்றத்தைச் செய்த அதே வாரத்தில் மிகவும் பழகிய பொருளொன்றையும் அருகில் வைத்த இந்தச் சூட்சுமத்தைப் பின்னாளில் வந்தவர்களுள் சிலர் புரிந்துகொண்டார்கள், பலர் மறந்தார்கள். புதிய டாக்டர் கோமாளிபோல் இருக்கிறார் என்று அன்றும் குறைப்பட்டவர்கள் உண்டு. உடல் மாறும் இந்த நிகழ்வு பின்னர் 1974இல்தான் ‘ரீஜெனரேஷன்’ என்று பெயர் பெற்றது. இன்று அது தொடரின் தலையாய சடங்கு.

அந்தக் கதையின் ஆறு பகுதிகளில் ஒன்றுகூட முழுமையாக இன்று பிபிசியிடம் இல்லை. ஒளிநாடாவின் விலை மிகுதி, நடிகர் சங்க ஒப்பந்தங்கள் மறு ஒளிபரப்புக்கு விதித்திருந்த கட்டுப்பாடு, வீட்டில் நாடாவைப் போட்டுப் பார்க்கும் வசதி அன்று இல்லாமை ஆகிய காரணங்களால் நிறுவனம் அறுபதுகளின் நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. திரைப்படச் சுருளாக எடுக்கப்பட்ட பிரதிகளும் எழுபதுகளில் பெருமளவு அழிக்கப்பட்டன. நூற்றுக்கு நெருங்கிய பகுதிகள் இவ்வாறு மறைந்தன. ஆனால் காணாமற்போன பகுதிகள் ஒவ்வொன்றுக்கும் ஒலி மட்டும் எஞ்சியிருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்து வாரந்தோறும் பதிவு செய்துவைத்த சில இளம் ரசிகர்களே அதற்குக் காரணம். 2016இல் ‘தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்’ அசைவூட்டப் படமாக மறுபடி உருவாக்கப்பட்டபோது அந்த ஒலியே அதற்கு உயிர் தந்தது. ரசிகர் என்போர் குறை கூறுவதற்கென்றே பிறந்தவர்கள் என எண்ணும் தயாரிப்பாளர் எவரும் இந்தச் செய்தியை மனத்தில் இருத்த வேண்டும். உரிமையாளர் குப்பையென எறிந்ததைப் பொக்கிஷமெனச் சேர்த்துவைத்தவர்கள் அவர்கள்.

மறு ஒளிபரப்பு அரிதாக இருந்த அக்காலத்தில் ரசிகர்களின் நினைவு பெரிதும் அச்சிலேயே வாழ்ந்தது. 1973 முதல் டார்கெட் நிறுவனம் பழைய கதைகளை நாவல்களாக்கி வெளியிட்டது; அவற்றுள் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை டெரன்ஸ் டிக்ஸ் ஒருவரே எழுதினார். 1976இல் ‘டாக்டர் ஹூ அப்ரிசியேஷன் சொசைட்டி’ என்ற ரசிகர் சங்கம் தோன்றியது. 1979இல் தொடருக்கென்றே வார இதழ் ஒன்று வந்தது. நினைவும் அச்சும் சங்கமும் சேர்ந்ததால், முன்பு சொல்லப்பட்ட எதற்கும் முரணாகப் பின்பு எதுவும் சொல்லக் கூடாது என்கிற ‘தொடர்ச்சி’ பற்றிய கவலையும், எவை மெய்யாக நடந்த நிகழ்வுகளாக ஏற்கப்பட வேண்டும் என்று வரையறுக்கின்ற ‘கேனன்’ எனும் கருத்தும் வேரூன்றின.

அதே 1976இல் ஒளிபரப்பான ‘தி டெட்லி அசாசின்’ என்ற கதை, ரசிகர் தீர்ப்பின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே காட்டுகிறது. டாக்டரின் இனத்தாரான ‘டைம் லார்ட்’ எனப்படுவோர் 1969இல் முதன்முதலாகத் திரையில் தோன்றியபோது ஏறத்தாழ தெய்வங்களைப் போன்ற ஆற்றலும் மௌனமும் உடையவர்களாகக் காட்டப்பட்டனர். எழுத்தாளர் ராபர்ட் ஹோம்ஸோ அவர்களை மூட்டுவலியும் மறதியும் கொண்ட கிழவர்களாகவும், சடங்கிலும் பதவிப் போட்டியிலும் மூழ்கிப்போன அரசியல்வாதிகளாகவும் ஆக்கிவிட்டார். ரசிகர் சங்கத்தின் தலைவரே தம் இதழில் இக்கதையைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார்; தொடரின் மாயமே போய்விட்டது என்பது அவர் ஆதங்கம். வேறொரு திசையிலிருந்து, தொலைக்காட்சியில் வன்முறையை எதிர்த்து இயக்கம் நடத்திய மேரி வைட்ஹவுஸ், டாக்டரின் தலை நீருக்குள் அமுக்கப்பட்டிருக்கும் நிலையில் ஒரு பகுதி முடிந்ததைச் சாடினார்; பிபிசி வருத்தம் தெரிவித்து, மூல நாடாவிலிருந்தே அந்தக் காட்சியை வெட்டியது. இப்படி இருபுறமும் அடிபட்ட கதைதான் இன்று தொடரின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. உயர்ந்த கழுத்துப்பட்டை அணிந்த அந்த இனத்தாரின் உடையும், அவர்களின் சபையும், அவர்கள் மூதாதையான ராசிலோனின் பெயரும் அதிலிருந்தே வழக்குக்கு வந்தன.

அக்கதையில் சதியொன்றை விளக்குவதற்காக, டைம் லார்ட் ஒருவர் பன்னிரண்டு முறை மட்டுமே உடல் மாற இயலும் என்று ஹோம்ஸ் எழுதிவைத்தார். கதையின் தேவைக்குச் சொல்லப்பட்ட அந்த ஒரு வரி ரசிகர்களிடையே மாற்ற முடியாத சட்டமாகிவிட்டது. முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு, 2013 கிறிஸ்துமஸ் நாளில், டாக்டருக்குப் புதிதாக ஒரு சுற்று வாழ்வுகளை அருளும் கதையைத் தலைமை எழுத்தாளர் ஸ்டீவன் மொஃபட் எழுதியே அதை அவிழ்க்க வேண்டியிருந்தது. கண்டனத்துக்குள்ளான கதையின் விதியையே வேதமாகக் கொண்டாடும் இந்த மாற்றம் ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எண்பதுகளில் தயாரிப்பாளராக இருந்த ஜான் நாதன்-டர்னர், ரசிகர்களின் ஆரவாரத்தை மதித்தவர். அவர்களின் மாநாடுகளுக்குச் சென்றவர். பழைய கதைகளைக் கரைத்துக் குடித்த ரசிகர் ஒருவரிடம் ஆலோசனையும் பெற்றவர். அந்த மதிப்பு திரையில் எவ்வாறு விளைந்தது என்பதற்கு 1985 ஜனவரியில் வந்த ‘அட்டாக் ஆஃப் தி சைபர்மென்’ சான்று. 1963இன் முதல் பகுதியில் கண்ட பழைய இரும்புக் கிடங்கு, 1966இல் ஹார்ட்னெலின் இறுதிக் கதை, 1967இல் வந்த மற்றொரு கதை ஆகிய மூன்றையும் நினைவில் வைத்திருப்பவரால்தான் அதை முழுமையாகச் சுவைக்க முடியும். அவற்றுள் 1967ஆம் ஆண்டுக் கதையின் ஒரு பகுதிகூட அன்று பிபிசியின் காப்பகத்தில் இல்லை. பின்னர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் அது ஹாங்காங்கிலிருந்து மீண்டது. பார்க்கவே கிடைக்காத கதைக்குப் பின்தொடர்ச்சி எழுதியது, பொதுப் பார்வையாளரை வாசலிலேயே நிறுத்தியதற்கு ஒப்பாகும். அதே ஆண்டு பிபிசி 1 அலைவரிசையின் பொறுப்பாளர் மைக்கேல் கிரேட் தொடரைப் பதினெட்டு மாதங்கள் நிறுத்திவைத்தார். 1986இல் திரும்பி வந்தபோது பார்வையாளர் எண்ணிக்கை ஐம்பது இலட்சத்தை ஒட்டியே இருந்தது. போட்டி அலைவரிசை வேலைநிறுத்தத்தால் முடங்கிக் கிடந்த 1979இல் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்த தொடர் அது. நிர்வாகத்தின் அலட்சியமும் இந்தச் சரிவுக்குக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தீவிர ரசிகரின் நினைவையே முழுப் பார்வையாளர் கூட்டமாகப் பிழைபட எண்ணியதும் ஒரு காரணமே. கடைசி ஆண்டுகளில் ஆண்ட்ரூ கார்ட்மெல் என்ற இளம் கதைப் பொறுப்பாசிரியர் டாக்டரை மறுபடி மர்மமானவராக்க முயன்றார், காலம் கடந்துவிட்டிருந்தது. 1989 டிசம்பர் 6 அன்று தொடர் நின்றது.

அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக, 1996இல் வந்த ஒரு தொலைக்காட்சித் திரைப்படம் நீங்கலாக, தொடர் முழுக்க ரசிகர் கையிலேயே இருந்தது. 1991 முதல் விர்ஜின் பதிப்பகம் வெளியிட்ட புதிய நாவல் வரிசை, முன்பின் எழுதியிராதவர்களும் கையெழுத்துப் பிரதியை அனுப்பலாம் என்று கதவைத் திறந்துவைத்தது. பால் கார்னல், மார்க் கேட்டிஸ் போன்றோர் அதன் வழியே வந்தார்கள், ரசல் டி. டேவிஸும் அவ்வரிசையில் ஒரு நாவல் எழுதினார். 1999இல் பிக் ஃபினிஷ் நிறுவனம் பழைய நடிகர்களையே அழைத்து ஒலி நாடகங்களை வெளியிடத் தொடங்கியது. தொலைக்காட்சியில் காட்ட இயலாத காமமும் துயரமும் அரசியலும் அந்த நாவல்களில் இடம்பெற்றன. ரசிகர்கள் மாற்றத்தை எதிர்ப்பவர்கள் என்ற பொதுக் கருத்து இங்கே உடைகிறது. எழுதும் பொறுப்பு தம் கைக்கு வந்தவுடன் அவர்களே மிகத் துணிந்த பரிசோதனைகளைச் செய்தார்கள்.

2005 மார்ச் 26 அன்று டேவிஸின் தலைமையில் கார்டிஃப் நகரிலிருந்து தொடர் மறுபிறப்பெடுத்தபோது, இந்தப் பயிற்சியின் பயன் வெளிப்பட்டது. தொடரின் வரலாற்றை மனப்பாடமாக அறிந்த டேவிஸ், முதல் பகுதியில் அதில் பெரும்பாலானதைச் சொல்லாமலே விட்டார். துணிக்கடையில் வேலை பார்க்கும் ரோஸ் என்ற இளம்பெண்ணின் கண்கள் வழியாகவே எல்லாம் தெரிகின்றன. அவளுக்குத் தெரியாத எதுவும் பார்வையாளருக்குத் தேவைப்படவில்லை. டாக்டரின் சொந்தக் கிரகம் போரில் அழிந்துவிட்டது என்ற செய்தி இரண்டாம் பகுதியில் வருகிறது. டாலெக் ஆறாம் பகுதியில். உடல் மாற்றம் என்ற வழக்கமோ பருவத்தின் இறுதிப் பகுதியில்தான். சபைகளும் சடங்குகளுமாக ரசிகர்கள் நாற்பதாண்டுகள் சேர்த்துவைத்த ஓர் உலகத்தையே அழித்தது பெருந்துணிவு. ஆனால் அந்த அழிவை டாக்டரின் ஆறாத துக்கமாக மாற்றியதால், பழையவருக்கு இழப்பின் கனமும் புதியவருக்கு ஒரு மனிதத் துயரும் ஒரே காட்சியில் கிடைத்தன. முதல் பகுதியை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் கண்டனர்.

அடுத்த திருப்பத்துக்குரியவர் கிறிஸ் சிப்னால். 1986 டிசம்பரில், பதின்ம வயது ரசிகராக ஒரு பிபிசி விவாத நிகழ்ச்சியில் தோன்றி, எதிரிலிருந்த எழுத்தாளர்களிடமே அவ்வாண்டுக் கதை தேய்ந்த வழியில் செல்கிறது என்று முறையிட்டவர் அவர். 2018இல் தொடரின் தலைமைப் பொறுப்பே அவரிடம் வந்தது. டாக்டரைப் பெண்ணாக்கலாம் என்று சிட்னி நியூமன் 1986இல் கிரேடுக்கு எழுதியிருந்த யோசனை, நடிகை ஜோடி விட்டேக்கரை டாக்டராகச் சிப்னால் தேர்ந்தெடுத்ததன் வழியே நிறைவேறியது. எதிர்ப்பு வலுவாகவே எழுந்தது. ஆயினும் முதல் பகுதியை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தனர்; பழைய அரக்கர்கள் எவரும் வராத அந்தப் பருவத்தில், வினய் படேல் எழுதி இந்தியப் பிரிவினையின் நாளில் ஒரு குடும்பம் உடைவதைக் காட்டிய ‘டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்’, அறுபதுகளின் வரலாற்றுக் கதைகளின் நோக்கத்துக்கு மிக நெருங்கிய படைப்பு.

அதே சிப்னால் 2020 மார்ச் 1 அன்று ‘தி டைம்லெஸ் சில்ட்ரன்’ வழியாக, டாக்டர் தம் கிரகத்தில் பிறந்தவரே அல்லர், வேறோர் அண்டத்திலிருந்து வந்து கண்டெடுக்கப்பட்ட குழந்தை, ஹார்ட்னெலுக்கு முன்பே எண்ணற்ற வாழ்வுகள் வாழ்ந்து அவற்றின் நினைவு பறிக்கப்பட்டவர் என்று வெளிப்படுத்தினார். ரசிகர் உலகம் இரண்டாகப் பிளந்தது. கேனனைத் தொட்டதே குற்றம் என்றவர்களின் வாதம் நிற்காது. தொடாத தலைமுறை எதுவும் இத்தொடரில் இருந்ததில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. 1976இல் ஒரு கதையில் ஹார்ட்னெலுக்கு முந்தையவை போல் தோன்றிய சில முகங்கள் யாருடையவை என்பது ரசிகர்கள் மட்டுமே பல்லாண்டு விவாதித்த கேள்வி. சிப்னால் விடையளித்தது அதற்கே. அந்த வெளிப்பாட்டைப் பெரும்பகுதி ஒருவர் நின்று சொல்ல, டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். 1966இலும் 2005இலும் எடுத்த துணிவு, தொடரை அறியாதவருக்குக் கதவைத் திறந்தது. 2020இன் துணிவு வீட்டுக்குள்ளேயே பழைய கணக்கைத் திருத்தியது. அப்பகுதியைப் பார்த்தோர் ஐம்பது இலட்சத்துக்கும் குறைவு.

2023இல் மீண்டும் பொறுப்பேற்ற டேவிஸ் அந்த வெளிப்பாட்டை நீக்கும்படி எழுந்த கோரிக்கைக்கு இணங்கவில்லை. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் பகுதியில், தேவாலய வாசலில் கைவிடப்பட்டு வளர்ப்புத் தாயிடம் வளர்ந்த ரூபி என்ற பெண்ணிடம், தாமும் கண்டெடுக்கப்பட்டுத் தத்தாக வளர்ந்தவரே என்று ஷுட்டி கட்வா நடித்த டாக்டர் சொல்கிறார். கேனன் என்ற சொல்லையே கேட்டிராத ஒருவருக்கும் அந்த உறவு அக்கணமே புரிகிறது. நீண்ட தொடர் ஒன்றைக் கையேற்பவர் முன்னோர் செய்த பிழையையும் துணிவையும் சேர்த்தே பெறுகிறார். அவற்றை அழிப்பதைவிட, முதன்முறையாகப் பார்க்க அமரும் ஒருவருக்கும் பொருள்படும்படி ஆக்குவதே சரியான வழி.